நிபுணர் சாட்சி

"முடியாது தனேஷ். நிபுணர் சாட்சியா நான் கூண்டுல ஏற மாட்டேன். வேற ஆளப் பாரு."

பேராசிரியர் மலர்விழி சொல்லிவிட்டு இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மதியக் கூட்டம் நெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வக்கீல் தனேஷுக்குச் சோறு இறங்கவில்லை.

எரிசக்தி, இயற்கை வளச் சட்டம் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் மலர்விழியுடையது. எண்ணெய்க் கம்பெனிகளே அவரிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். தனேஷும் அவரிடம் படித்தவன்தான்.

"ப்ரொஃப், கிள்ளான்ல வீட்டுங்களுக்கு அடியிலயே எண்ணெய்க் குழாய் போடப் போறாங்க. அது தப்புன்னு நீங்க வந்து சொன்னா போதும் லா. ஜட்ஜ் கேப்பாரு."

"தப்புதான். ஆனா நான் வந்து நிபுணர் சாட்சி சொல்ல முடியாது."

அவனுக்குச் சுருக்கென்றது. அவருடைய பேராசிரியர் பதவிக்கு நிதி கொடுப்பதே அந்தக் குழாயைப் போடும் எண்ணெய்க் கம்பெனிதான். சீக்கிரமே டீன் ஆகிவிடுவார் என்றும் பேச்சு.

"கம்பெனிக்குப் பயப்படுறீங்களா?" கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் கோபப்படவில்லை. "கேஸ் எந்த அளவுல இருக்கு?"

"எங்க இருக்கு? வீட்டுக்காரங்க யாராவது முன்னால வந்தாத்தானே கேஸே போட முடியும்? எல்லாரையும் கம்பெனி சரிக்கட்டிட்டாங்க. மிச்சம் ஒரே ஒரு வீடு, அதுவும் பூட்டிக் கெடக்கு. பவுனம்மாள்னு ஒருத்தவங்க வீடு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே மகளோட போயிட்டாங்களாம். போன வருஷம் தவறிட்டாங்க. அந்த மக யாரு, எங்க இருக்காங்கன்னு அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரியல. தேடிப் பிடிச்சாலும், இவ்வளவு பெரிய கம்பெனிய எதிர்த்து நிப்பாங்களா?"

மலர்விழி இலையை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நிப்பாங்க. நாளைக்கே கேஸப் போடு. வாதின்னு என் பேரப் போட்டுக்க."

"உங்க பேரையா? அப்போ டீன் பதவி?" என்றான் தனேஷ்.

"டீன் பதவி போனா போகுது லா. சொந்தக் கேஸுல ஒருத்தர் நிபுணர் சாட்சியா நிக்க முடியாதுன்னு கிளாஸ்ல படிச்சதானே? பவுனம்மாளோட மக நான்தான்."