நாலு மணிப் பாத்திரம்

மூன்று ஐம்பத்தேழு ஆனதும் என் கைப்பையைத் தூக்கி க்வின்டெல்லாவின் மடியில் வைத்தேன். பைபிள், குடை, நகரசபைக்குப் போட்ட மனுக்களின் கட்டு எல்லாம் உள்ளே இருந்ததால் நல்ல கனம்.

மேசைக்கு அந்தப் பக்கம் லாண்டரி முதலாளி மிஸ் டிப்ஸ், அவளுடைய விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஜெர்மன்டவுன் பேட்டையில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஞாயிறு ஆராதனையில் முதல் வரிசை, வெள்ளைக் கையுறை. பாடகர் குழுவில் ஒருத்தி சுருதி தப்பினால் திரும்பிப் பார்ப்பார். அவள் அடுத்த வாரம் வர மாட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பரோல் அதிகாரியிடம் வேலைக் கடிதம் காட்டாவிட்டால் க்வின்டெல்லா திரும்பவும் சிறைக்குப் போக வேண்டும். அன்று புதன்.

விண்ணப்பத்தில் 'சிறை சென்றதுண்டா?' என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வியை நீக்க வைப்பதற்காக, உள்ளே இருந்து வந்த பெண்கள் நாங்கள் மூன்று குளிர்காலம் நகரசபைப் படிகளில் நின்றோம். ஆகவே காகிதம் காட்டிக்கொடுக்காது.

முழங்கால்தான் காட்டிக்கொடுக்கும்.

உள்ளே தினமும் மாலை நாலு மணிக்குத் தலை எண்ணுவார்கள். தூங்கினாலும் அழுதாலும் எழுந்து நின்றாக வேண்டும். விடுதலையான செய்தி கால்களுக்கு மட்டும் சீக்கிரம் போய்ச் சேராது.

அதனால், வெளியே வரும் பெண்களுக்காக நான் நடத்தும் வீட்டில் ஒரு விதி உண்டு. நாலு மணிக்கு எவள் எழுந்து நிற்கிறாளோ, அன்றைய பாத்திரம் அவள் தலையில்.

வந்து பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் க்வின்டெல்லாதான் கழுவினாள். மக்ரோனிச் சட்டியின் அடியைச் சுரண்டுவதில் இப்போது அவளை மிஞ்ச ஆளில்லை.

நேர்காணலைக் காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மூன்றரைக்கு வந்தால் வாருங்கள் என்று மிஸ் டிப்ஸ் போனை வைத்துவிட்டார்.

சுவர்க் கடிகாரம் அடித்தது.

பை எகிறியது. இரண்டு கையாலும் அமுக்கினேன். குடை கீழே உருண்டது. க்வின்டெல்லா கண்ணை இறுக மூடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ உட்கார்ந்தே இருந்தாள்.

பிழைத்தோம் என்று நிமிர்ந்தேன்.

மிஸ் டிப்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

கைகள் இரண்டும் தொடையை ஒட்டி. முகம் கதவைப் பார்த்து.

பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் கை நீட்டி, ஒழுங்காகவே இருந்த திரையை ஒழுங்குபடுத்தினார்.

க்வின்டெல்லா கண்ணைத் திறந்தாள். நான் அவள் காலை மிதிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப இன்னைக்குப் பாத்திரம் நீங்கதான், மிஸ் டிப்ஸ்."

என்ன பாத்திரம் என்று அவர் கேட்கவில்லை. உட்கார்ந்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். உருண்ட குடையை அவரே குனிந்து எடுத்து என் பையில் செருகினார்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடு. இங்க நாலு மணிக்கு யாரும் யாரையும் பாக்குறதில்ல."