செடியில் கட்டிய சிவப்புக் கயிறு

வயலில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு, எல்லாருக்கும் பழைய ஆலை நிலத்தில்தான் வீடு. ஷர்மிளாவுக்குக் கிடைத்தது தோல் தொழிற்சாலை இருந்த இடம். மண்ணைச் சுத்தம் செய்துவிட்டோம் என்பதற்குச் சாட்சியாக, வீடு கட்டிய கம்பெனி, வாசலுக்கு வாசல் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தது. வெயிலிலும் அது தளதளவென்று நின்றதுதான் அவளை உறுத்தியது. அவள் கைபட்ட கறிவேப்பிலை எதுவும் அப்படி வளர்ந்ததேயில்லை.

தலைப்பிரசவத்துக்கு மகளை இந்த மண்ணுக்கா அழைத்துவருவது? வாராவாரம் கம்பெனியின் தோட்டக்காரர்கள் செடியையே மாற்றிவிடுகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, தண்டில் ஒரு சிவப்புக் கயிற்றை இறுக்கி முடிந்தாள். ஐந்து வாரம் பார்த்தாள். கயிறு அப்படியே இருந்தது. தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, வளைகாப்பு முடிந்த கையோடு மகள் ஆதிரையைக் கூட்டிவந்துவிட்டாள்.

மறுநாள் காலை, ஆதிரை வெறுங்காலோடு வாசல் மண்ணில் மெல்ல நடந்துகொண்டிருந்தாள். தோட்ட வேலைக்கு வந்த புது ஆள் செடிமுன் குந்தி வெகுநேரம் கயிற்றோடு மல்லுக்கட்டிவிட்டு, ஷர்மிளாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, முடிச்ச இவ்ளோ இறுக்கிப் போடாதீங்க. வாராவாரம் அவுத்து புதுச் செடியில கட்டணும்ல?"