நாய் திரும்பிப் பார்க்கவில்லை

"பேரை வித்துச் சோறு திண்டவனெல்லாம் ஒரு மனுசனோ?"

குலேந்திரன் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பைகள் ஆடின.

சுவிஸில் ஷ்லீரன் நகரத்துத் தமிழ் வாசகர் வட்டத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு கதை. இன்றைக்குத் தமிழில் வந்த ஒரு கொரியக் கதை. ஜப்பான்காரன் கொரியாவை ஆண்ட காலம். ஒரு தையல்காரன் கூப்பன் அரிசிக்காகத் தன் பேரை ஜப்பான் பேராக மாற்றுகிறான். மனைவிக்கு மாற்றுகிறான், பிள்ளைக்கு மாற்றுகிறான். அதே வேகத்தில் வீட்டு நாய்க்கும் ஒரு ஜப்பான் பேர் வைத்துக் கூப்பிடுகிறான். நாய் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த நாய்க்கு இருந்த ரோசம் அவனுக்கு இல்லையே!" என்றார் குலேந்திரன். எல்லாரும் சிரித்தார்கள்.

யேசுதாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம் மனுசன், கதையை நாலு தரம் வாசித்து நாலு தரமும் அழுதவர்.

ஏனென்றால் அவர் யேசுதாசனே இல்லை. சிவநேசன். முப்பத்தேழு வருசத்துக்கு முன்னம் வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில் இருந்த பேர் யேசுதாசன். அகதி விசாரணையில் பயத்தில் அதையே சொல்லிப்போட்டார். பிறகு மாற்றப் போனால், பொய் கேஸ் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அது வேறு பயம். அந்தப் பேரிலேயே ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, சுவிஸ் பாஸ்போட்டும் எடுத்து, இப்போது பேரப்பிள்ளைக்கும் அதுதான் குடும்பப் பேர்.

முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டால், "சுவாமி பேருக்கே செய்யுங்கோ" என்பார். யேசுவின் பேர் வைச்ச வேதக்காரனுக்கு முருகனில் என்ன பக்தி பாருங்கோ என்று சனம் மெச்சும்!

மனைவி இராஜேஸ்வரிக்கு உண்மை தெரியும். தெரிந்தென்ன, புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் ஏது? "இஞ்சருங்கோ"தான். தாய் போன பிறகு அந்தப் பேரைச் சொல்ல ஒரு வாய் இல்லை. சாகமுன் ஒரேயொருக்கால் யாராவது கூப்பிட்டுக் காதால் கேட்கவேண்டும் என்று மனுசன் ஏங்கிப் போனார். இன்றைக்குச் சபையில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தவர்.

"பாவம் அங்கிள், சாப்பாட்டுக்குத்தானே மாத்தினவர்" என்றாள் இங்கேயே பிறந்து வளர்ந்த வேணுகா.

"பாவமோ? தாய் தேப்பன் வைச்ச பேர் பிள்ளை! அதை விட்டவனுக்கு மன்னிப்பே இல்லை!" குலேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செருமிக்கொண்டு திரும்பினார். "யேசுதாசண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

யேசுதாசன் வாயைத் திறந்தார்.

"ஆருக்கு இன்னும் தேத்தண்ணி வேணும்?" என்றுதான் வந்தது.

கூட்டம் கலைந்தது. கதிரை அடுக்க இவரும் குலேந்திரனும்தான் மிச்சம்.

"என்னண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

இனிப் பொறுக்க ஏலாது. வந்தது வரட்டும்.

"தம்பி, அந்தத் தையல்காரன் நான்தான். என்ரை பேர் யேசுதாசன் இல்லை. சிவநேசன்." பாஸ்போட் கதை, விசாரணைக் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "இனி நீர் என்னோடை கதைக்காட்டியும் பரவாயில்லை."

குலேந்திரன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தார். போய்க் கதவைச் சாத்தினார். ஐயோ, அடிக்கத்தான் போறானோ என்று மனுசன் நடுங்கிப்போனார்.

"சிவநேசண்ணை!"

மண்டபம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார் குலேந்திரன்.

"ஓம்" என்றார் சிவநேசன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

குலேந்திரன் கிட்ட வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, என்னையும் ஒருக்கா குணசேகரம் எண்டு கூப்பிடுங்கோவன்."