முன் அறைக்கு ஒரு ஏசி

"இருக்கிறதுக்குள்ள மலிவு இதுதானோ?" என்று கதிராமன் ஏசிப் பெட்டியை விரலால் தட்டிக் கேட்டபோது, அவன் மனைவி இராசமலர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இலங்கைத்துறைக் கிராமத்தில் ஷெல் குண்டு விழுந்து, உடுத்த சேலையோடு ஓடி வந்த அவளுடைய அம்மா, அகதிகளுக்கு விட்ட பள்ளிக்கூடத்தில் சீமெந்துத் தரையில் கிடக்கிறாள். இங்கே மருமகன் திருகோணமலையில் கடை கடையாய் ஏறி இறங்கி ஏசிக்கு விலை கேட்கிறான்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவமே?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "வீட்டில இடம் எங்க கிடக்கு?" என்றவன்தான். பூட்டிக் கிடந்த முன் அறைக்கு வெள்ளையடித்தான். இப்போது அதில் ஏசியும் பூட்டப் போகிறானாம். என்ன பிறவியோ!

கடைக்காரர் பாயிஸ் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணன், இது விலை குறைவு. ஆனா கரண்ட் குடிக்கும். மற்றது கொஞ்சம் விலைதான். மாசா மாசம் பில்லில மிச்சம் பிடிச்சிரலாம்."

"பில்லு வந்தா வரட்டும். வாங்கிற விலையைப் பற்றி மட்டும் கதைப்பம்."

இராசமலர் திரும்பிப் பார்த்தாள். அவள் சமைக்கும்போது குசினியில் பகலில் பல்ப் எரிந்தால், "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டுக்கொண்டு வந்து அணைக்கிற மனிதனா இது?

"பெட்டி சத்தம் போடாதோ?" என்று கதிராமன் கடைக்காரரைக் கேட்டான். "படுக்கிற ஆளுக்கு நித்திரை குழம்பக் கூடாது."

"வீட்டுக்கு ஆரும் வாறாங்களா அண்ணன்?"

"ஓம். இவளின்ர தாய் முகாமில கிடக்கிறா, பாவம். இண்டைக்கே போய்க் கூட்டிக்கொண்டு வரப்போறம்."

பாயிஸின் முகம் இளகிவிட்டது. "மாமியாரை இப்பிடிப் பாக்கிற மருமகனை நான் கண்டதில்ல. அல்லாஹ் உங்களுக்கு நல்ல மனசத் தந்திருக்கான். ஏசி பூட்டுறதுக்குக் கூலி வேணாம். விலையிலயும் குறைச்சுத் தாறன்."

"உங்கட விருப்பம்," என்று கதிராமன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

இராசமலருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதனையா இத்தனை நாளும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன் என்று தன்மீதே அருவருப்பு வந்தது.

மலிவான பெட்டியை ஏற்றிக்கொண்டு ஓட்டோ புறப்பட்டது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான், பார்த்தான், போகவிட்டான். அதுவரை பொறுத்திருந்தவள் புருஷனின் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அம்மா குளிர் தாங்கமாட்டா. போற வழியில தடிப்பான போர்வை ஒண்டு வாங்குவம்."

கதிராமன் கையை உருவிக்கொண்டான்.

"உனக்கென்ன விசரே? அந்த அறை, நிவாரணம் குடுக்க வந்த வெள்ளைக்காரனுக்கு. வாடகையும் அவன்தான், கரண்ட் பில்லும் அவன்தான்."

"அப்ப அம்மா?"

"கொம்மா குசினிக்குள்ள படுத்தெழும்பி அவனுக்குச் சமைச்சுப் போடட்டும்."