புள்ளி விழுந்த செடிகள்

சிவகாமசுந்தரி பிடுங்கி எறிந்தது பன்னிரண்டு தக்காளிச் செடிகளை.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் வேறு யாருமில்லை. தண்ணீர் விட வந்தவர் கண்ணில், இலையில் கருகல் விழுந்த அந்தப் பன்னிரண்டும் பட்டன. தேக்கா மார்க்கெட்டில் பதினான்கு வருஷம் காய்கறி விற்ற கை அது. கறையைக் கண்டால் சும்மா இருக்குமா? கெட்டதை ஒதுக்கினால்தானே மிச்சம் பிழைக்கும்! பையில் போட்டுக் கட்டி, நீராவி இயந்திரத்தில் அவித்தும் விட்டார்.

பச்சைப் பசேலென்று நின்ற மற்ற இருபத்தெட்டையும் பார்க்க மனசு நிறைந்தது.

திங்கள் காலை ஆராய்ச்சியாளர் ஷமீமா வந்தாள். செடித் தட்டுகளைப் பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அந்தப் பன்னெண்டுதான் ஜெயிச்ச செடி லா. ரெண்டு வருஷமா அதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

அடக் கடவுளே! சிவகாமசுந்தரி வேலை போய்விடும் என்றுதான் முதலில் பயந்தார். அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இலை ஒன்றைத் தொட்டுக் காட்டித் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை எல்லாச் செடிக்குள்ளும் அவள் கிருமியை ஏற்றியிருந்தாள். உள்ளே போன கிருமி எடுத்த எடுப்பில் தின்னாதாம். முதலில் செடி கூச்சல் போடாதபடி அதன் வாயை அடைத்துவிடுமாம். அதையும் மீறிக் கிருமியை அடையாளம் கண்டுகொண்ட செடி, அது நுழைந்த இடத்தில் தன் சதையைத் தானே கருக்கி அங்கேயே அதை முடக்கிவிடும். அந்தக் கறைதான் அது. வாயடைத்துப்போன செடி இன்றைக்குப் பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே கிருமி கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கும்.

சிவகாமசுந்தரிக்குத் தன் பெரிய மகள் நினைவுக்கு வந்தாள்.

போன வருஷம், சித்தப்பா இருக்கிற வீட்டில் இனி இருக்கமாட்டேன் என்று சோற்றுத் தட்டை வீசிக் கத்தியவள். காரணத்தையும் சொன்னாள். மானத்தை வாங்காதே என்று கன்னத்தில் அறைந்து செங்காங் வீட்டைவிட்டு அனுப்பியது யார்? பெற்ற தாய்தான். இப்போது பொங்கோலில் தோழியோடு இருக்கிறாள்.

சின்னவள் அப்படியில்லை. குரலை உயர்த்தமாட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள். தங்கமான பிள்ளை என்று சொந்தத்தில் சொல்லாத ஆளில்லை. சிவகாமசுந்தரியும் சொல்லியிருக்கிறார்.

பள்ளி விடுமுறை. கையுறையைக்கூடக் கழற்றாமல் சின்னவளுக்குப் போன் போட்டார்.

“அனு, வீட்டுல யாரும்மா இருக்கா?”



“சித்தப்பா மட்டும்தாம்மா. ஒண்ணுமில்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

நல்லா இருக்கிறாயா என்று சிவகாமசுந்தரி கேட்கவேயில்லை.