குடை மறுவாழ்வு மையம்

அணில் ஒரு குடை ரிப்பேர் கடை திறந்தது. அப்படியே எழுத அதன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பலகையில் ‘குடை மறுவாழ்வு மையம்’ என்று எழுதி மாட்டியது.

அந்த ஊரில் எல்லோருக்கும் வழி சொல்வது காகம்தான். எல்லாக் கடைப் பலகைகளும் அதற்கு மனப்பாடம்.

அணிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடிப்போய்க் காகத்திடம் கேட்டது: “குடை மறுவாழ்வு மையம் எங்கே இருக்கு?”

“உன் கடைதான். வேற ஏது?”

“அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல? எதிரே ஆமை கடையில கூட்டம் தாங்கல!”

“கேக்குறதுக்குத்தானே நான் பதில் சொல்ல முடியும்” என்றது காகம்.

அணில் பலகைக்குத் தங்க வர்ணம் அடித்தது. எழுத்தைப் பெரிதாக்கியது. சுற்றிலும் விளக்குப் போட்டது. மறுபடி ஓடிப்போய்க் கேட்டது. அதே பதில்தான்.

ஒருநாள் சூறைக்காற்றில் அணிலின் சொந்தக் குடையே ஒடிந்தது. கொட்டும் மழையில் பதறிப்போய்க் கத்தியது: “குடைக்கம்பி ஒடிஞ்சுபோச்சு! எங்கே சரி பண்ணுவாங்க?”

“ஆமை கடையில” என்றது காகம்.

அணில் ஓடியது. ஆமை கடை வாசலில் கரியால் எழுதியிருந்தது: ‘ஒடிந்த குடைக்கம்பி சரி செய்து தரப்படும்.’

அன்றுதான் முதல்முறையாக அதைப் படித்த அணில் நைசாகத் திரும்பிப் போகப் பார்த்தது.

“எங்கே போறீங்க? உட்காருங்க” என்றது ஆமை. “உங்களுக்கு முன்னால ஏழு பேர்தான்.”