கொதித்த பட்டை

ஏரிக்கரை ஊரான தோணிரேவில், ஒரு கொட்டகைக்குள், சுழலும் இரண்டு அரவைக் கற்களுக்கு நடுவிலிருந்து சவுக்குப் பட்டைக் கூழ் வழிகிறது. பட்டை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நாராகப் பிரிந்திருந்தால் கூழ் கெட்டித் தயிர்போலப் பளபளவென்று இறங்கும். இன்று நார் தனியாக, தண்ணீர் தனியாக வருகிறது. தேவகி தொட்டுப் பார்க்கிறாள். மணல்போல நெருடுகிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் அந்தத் தண்ணீரில் கிடந்து நடுங்குகிறது. அரவை இயந்திரத்தை இரவல் தந்த கல்லூரிக்காரர்கள் கொடுத்திருக்கும் கடைசி வாய்ப்பு இது. தவறினால் இயந்திரத்தை எடுத்துப் போய்விடுவார்கள். கூழ் வருமானமும் போனால், ஏரியில் மீன் கிடைக்காத அவள் புருஷன் தனசேகர் ஓமனில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போயே ஆக வேண்டும்.

“காலைல தொட்டி வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. நீ தூங்கினு இருந்தே. நைனா வலைக்குப் பட்டைச் சாயம் காய்ச்சுவாரே, அந்த மாதிரி தளதளன்னு கொதிக்க வுட்டேன்,” என்கிறான் தனசேகர் பெருமையாக. தேவகியின் விரல்கள் கூழிலேயே நின்றுவிடுகின்றன. பட்டையைப் பிரிக்கும் நொதி அந்தத் தொட்டியில்தான் இருந்தது. வெதுவெதுப்பைத் தாண்டினால் அது செத்துப்போகும் என்று கல்லூரி மேடம் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. உள்ளே வந்த ஹேமாவதி மேடம் கூழைப் பார்த்ததும், “என்னம்மா ஆச்சு?” என்கிறார்.

“நான்தான் மேடம் மறந்துபோய்க் கொதிக்க வெச்சுட்டேன்,” என்கிறாள் தேவகி. தனசேகர் அவளையே பார்க்கிறான். பிறகு தொட்டியைக் கிளறிய துடுப்பைச் சுவரில் மெல்லச் சாய்த்துவிட்டு, அவனே போய் இயந்திரத்தை நிறுத்துகிறான்.